பூட்டு பெட்டிக்கா, காகிதத்துக்கா?

கதை எழுதுகிறவனுக்குக் கம்ப்யூட்டர் சாஸ்திரத்தில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எந்த விஷயம் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பதை வைத்துக் கட்டுகிற கட்டடம்தானே நாவல்? கதாநாயகி எழுதிய கடிதம் அவள் தகப்பனார் கையில் சிக்கினால் ஒரு கதை. சிக்காமல் போனால் வேறு கதை. பெட்டியில் இருந்த உயில் யார் கண்ணில் பட்டது என்பதை வைத்தே நானூறு பக்கம் ஓட்டிவிட்ட ஆசிரியர்கள் உண்டு. ஆகவே, "இந்தக் காகிதத்தை யார் பார்க்கலாம்?" என்ற கேள்வி எங்கே எழுந்தாலும் கதைக்காரனுக்கு அங்கே ஒரு பாத்தியதை உண்டு.

இன்றைக்கு அந்தக் கேள்வி குடியிருக்கும் இடம், குறிப்பு எழுதிக்கொள்வதற்காகக் கம்ப்யூட்டரிலும் டெலிபோனிலும் வைத்துக்கொள்கிறோமே, அந்தச் செயலிகள். ஒரு குடும்பத் தலைவி "வீடு" என்று ஒரு போல்டர் திறக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் "பால் கணக்கு" என்று ஒரு போல்டர். "வைத்தியம்" என்று இன்னொன்று. வெளியூரிலிருக்கும் தம்பியும் கணக்கைப் பார்க்கட்டும் என்று "வீடு" முழுவதையும் அவனுக்குப் பகிர்ந்துவிடுகிறாள். ஆறு மாதம் கழித்து, அதே "வீட்டு"க்குள் "கல்யாணப் பேச்சு" என்று மூன்றாவது போல்டர் முளைக்கிறது. அதில் தம்பியின் மாமியாரைப் பற்றித் தன் மனத்தில் பட்ட அபிப்பிராயத்தை ஒளிவுமறைவில்லாமல் இரண்டு வரி எழுதி வைக்கிறாள். தம்பிக்கு அது தெரியுமா, தெரியாதா?

பூட்டு பெட்டிக்குப் போட்டதா, காகிதத்துக்குப் போட்டதா என்பதைப் பொறுத்தது பதில். இந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னால் அறுபது வருஷத்துச் சரித்திரம் இருக்கிறது. அதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

*

முதலில் காகித யுகத்தைக் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிடுவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆபீஸ்களில் கடிதங்களை மடித்துப் புறாக்கூடு மாதிரியான சின்னச் சின்ன அறைகளில் செருகி வைப்பார்கள். கடிதங்களை மடிக்காமல், அட்டை உறைக்குள் நிமிர்த்தி நிறுத்தி, இழுப்பறையில் வரிசையாக வைக்கும் முறையை 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் லைப்ரரி பீரோ என்ற கம்பெனியார் கொண்டுவந்து காட்டினார்கள். அந்த அட்டை உறைதான் போல்டர். நம்முடைய செயலிகளில் மஞ்சளாகவோ நீலமாகவோ இன்றும் தெரிகிற படம், அந்த அட்டை உறையின் நிழல்தான்.

காகிதத்துக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு. ஒரு காகிதம் ஒரு சமயத்தில் ஓர் இடத்தில்தான் இருக்க முடியும். அது எங்கே இருக்கிறது என்பதும், யார் பார்க்கலாம் என்பதும் ஏறக்குறைய ஒரே கேள்வி. அலமாரிச் சாவி யார் இடுப்பில் இருக்கிறதோ அவர் பார்க்கலாம், விஷயம் முடிந்தது. அலமாரிக்குள் இருக்கும் ஒரே ஒரு கடிதத்துக்கு மட்டும் தனிப் பூட்டு வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. அப்படிப்பட்ட கடிதமானால் அதை வேறு பெட்டிக்கு மாற்றிவிடுவார்கள்.

கம்ப்யூட்டர் வந்ததும் இந்த இரண்டு கேள்விகளும் பிரிந்து போயின.

*

1961-ம் வருஷம் நவம்பரில், அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், அதாவது எம்.ஐ.டி.யில், பெர்னாண்டோ கொர்பாட்டோ என்பவரும் அவருடைய சகாக்களும் ஒரு புதுமையைச் செய்து காட்டினார்கள். ஒரே கம்ப்யூட்டரைப் பல பேர் ஒரே சமயத்தில், தனித்தனி டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்து உபயோகிக்கலாம் என்பது அந்தப் புதுமை. ஸி.டி.எஸ்.எஸ். என்று அதற்குப் பெயர். அதற்கு முன்பெல்லாம் துளையிட்ட அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு, விடைக்காகக் காத்துக் கிடக்க வேண்டும்.

பல பேர் ஒரே வீட்டில் குடியேறினால் என்ன நடக்கும் என்பது ஒண்டுக் குடித்தனம் செய்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என்னுடைய சாமான் எது, உன்னுடைய சாமான் எது என்ற பேச்சு வந்துவிடும். ஸி.டி.எஸ்.எஸ்.ஸில் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு பைல் வரிசையும், அதைக் காப்பதற்கு ஒரு பாஸ்வேர்டும் கொடுத்தார்கள்.

பாஸ்வேர்டு வந்த வேகத்திலேயே திருட்டும் வந்தது. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரம்தான் கம்ப்யூட்டர் நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அது அவருக்குப் போதவில்லை. 1962-ல் அவர் ஒரு யுக்தி செய்தார். பாஸ்வேர்டுகள் அடங்கிய பைலை அச்சடித்துக் கொடுக்கும்படி, ஓர் அட்டையில் துளையிட்டு, மற்ற வேலைகளோடு வேலையாகப் போட்டுவிட்டார். கம்ப்யூட்டரும் மறு பேச்சில்லாமல் அச்சடித்துக் கொடுத்துவிட்டது. அப்புறம் மற்றவர்களுடைய நேரத்தில் தம்முடைய வேலையைச் செய்துகொண்டார். பல வருஷங்கள் கழித்து அவரே இதை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு சம்பவம் இதைவிட வேடிக்கையானது. 1960-களின் நடுவில் ஒரு நாள், ஸி.டி.எஸ்.எஸ்.ஸுக்குள் நுழைந்தவர்களுக்கெல்லாம், வழக்கமாக வரும் "இன்றைய செய்தி"க்குப் பதிலாக அத்தனை பேருடைய பாஸ்வேர்டுகளும் வரிசையாக டைப் அடித்து வந்தன! நிர்வாகிகள் இருவர் ஒரே சமயத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் அன்றைய செய்தியைத் திருத்திக்கொண்டிருந்தார். மற்றவர் பாஸ்வேர்டு பைலைத் திருத்திக்கொண்டிருந்தார். திருத்தும் புரோகிராம் தன் தற்காலிக நகலுக்கு எப்போதும் ஒரே பெயரைத்தான் வைக்கும். ஓர் அறையில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் இருப்பார் என்று நம்பி எழுதப்பட்ட புரோகிராம் அது. இருவர் நுழைந்தார்கள், நகல்கள் இடம் மாறிவிட்டன. கொர்பாட்டோ 1990-ம் வருஷத்து டூரிங் பரிசு பெற்றபோது நிகழ்த்திய உரையில் இந்தக் கதையைத் தாமே சொன்னார்.

இதில் பூட்டு உடையவில்லை; சாவி களவு போகவில்லை. "இந்த இடத்துக்கு இன்னார்தான் வருவார்" என்று எப்போதோ செய்த ஓர் அனுமானம் மட்டுமே பொய்த்துப்போயிற்று. பகிர்தலின் சரித்திரம் முழுவதிலும் இதே விதமான விபத்துத்தான் வேஷம் மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வருகிறது.

*

அடுத்த கட்டம் 1965. எம்.ஐ.டி., பெல் லாபரட்டரீஸ், ஜெனரல் எலெக்ட்ரிக் என்ற மூன்று ஸ்தாபனங்களும் சேர்ந்து மல்டிக்ஸ் என்ற பெரிய ஏற்பாட்டைத் தொடங்கியிருந்தன. அந்த வருஷக் கடைசியில் லாஸ் வேகாஸில் நடந்த கம்ப்யூட்டர் மகாநாட்டில் டேலி, நியூமன் என்ற இருவர் ஒரு கட்டுரை வாசித்தார்கள். போல்டருக்குள் போல்டர், அதற்குள் இன்னொரு போல்டர் என்று எத்தனை ஆழம் வேண்டுமானாலும் போகலாம் என்ற யோசனை அந்தக் கட்டுரையில் முழு உருவத்தோடு வெளிப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலே இருப்பதற்கு "வேர்" என்று பெயர் வைத்தார்கள். வேரிலிருந்து கிளை, கிளையிலிருந்து கிளை. நம் ஊர் மரத்துக்கு வேர் கீழே இருக்கும். கம்ப்யூட்டர் மரத்துக்கு மேலே!

அதே கட்டுரையில் அனுமதியும் வந்துவிட்டது. ஒவ்வொரு பைலோடும் ஒரு ஜாபிதா இருக்கும். இன்னார் படிக்கலாம், இன்னார் எழுதலாம், இன்னார் இயக்கலாம், இன்னார் கடைசியில் சேர்க்க மட்டும் செய்யலாம் என்று அதில் குறித்திருக்கும். இவை நான்கு. ஐந்தாவதாக "பொறி" என்று ஒன்று உண்டு: இன்னார் கை வைத்தால் உடனே ஒரு புரோகிராம் விழித்தெழுந்து விசாரிக்கும். போல்டர் மரமும் அனுமதிப் பூட்டும் இரட்டைப் பிள்ளைகள் போல ஒரே பிரசவத்தில் பிறந்தவை.

இரட்டைப் பிள்ளைகள் என்றாலும் இரண்டுக்கும் குணம் வேறு. மரம், தேடி எடுப்பதற்காக ஏற்பட்டது; பூட்டு, காப்பதற்காக ஏற்பட்டது. இரண்டையும் எப்படிச் சேர்த்துக் கட்டுவது என்பதில் மல்டிக்ஸ்காரர்கள் ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள். ஒவ்வொரு போல்டருக்கும் ஒரு பொது ஜாபிதா வைத்து, அதற்குள் இருக்கும் அத்தனைக்கும் அது செல்லும் என்று ஆரம்பத்தில் ஏற்பாடு செய்திருந்தார்கள். பைலுக்கும் சொந்த ஜாபிதா இருந்தது. ஒரு பைலை யார் பார்க்கலாம் என்று தெரிந்துகொள்ள இரண்டு இடத்தில் பார்க்க வேண்டியிருந்தது, குழப்பந்தான் மிஞ்சியது. ஆகவே பொது ஜாபிதாவை எடுத்துவிட்டு, பைல் பிறக்கும்போது போல்டரிலிருந்து ஒரு மாதிரி ஜாபிதாவை நகல் எடுத்துக் கையில் கொடுத்துவிடுவது, அதற்குப் பிறகு அது தன் வழியே பிழைத்துக்கொள்ள வேண்டியது என்று மாற்றினார்கள். குழந்தைக்குத் தகப்பனார் பிறந்த அன்று சொத்தைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறாரா, அல்லது உயிரோடு இருக்கும் வரையில் சாவியைத் தாமே வைத்துக்கொள்கிறாரா? வித்தியாசம் அதுதான். இந்த வழக்கு அன்றோடு தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இன்றுவரை நடந்துகொண்டே இருக்கிறது.

*

பூட்டே வேண்டாம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். வேறெங்கோ அல்ல, அதே எம்.ஐ.டி.யில், அதே கட்டடத்தில். செயற்கை அறிவு ஆராய்ச்சிக்காரர்கள் 1960-களின் பிற்பகுதியில் தங்களுக்கென்று ஐ.டி.எஸ். என்ற ஏற்பாட்டைச் செய்துகொண்டார்கள். அதில் பாஸ்வேர்டு கிடையாது. யாருடைய பைலையும் யாரும் படிக்கலாம், திருத்தலாம். கம்ப்யூட்டரையே கவிழ்த்துவிடுவதற்கென்று ஒரு கட்டளையைக்கூடத் திறந்து வைத்திருந்தார்கள். தடுத்தால்தானே செய்து பார்க்க ஆசை வரும்? யாரும் செய்யலாம் என்று வைத்துவிட்டால் அதில் என்ன வீரம் இருக்கிறது?

அந்தச் சிறு கூட்டத்துக்குள் இது நன்றாகவே நடந்தது. ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். ஒரே வேலையில் பைத்தியம் பிடித்தவர்கள். பூட்டில்லாத வீடு அழகானதுதான். ஆனால் வாசலுக்கு வருகிறவர்களெல்லாம் தெரிந்த முகமாக இருக்கிற வரையில்தான் அந்த அழகு. முன்பின் அறியாதவர்கள் பெருகப் பெருக அந்த வாழ்க்கை நடைமுறைக்கு ஒவ்வாமல் போயிற்று. எத்தனை பூட்டு வேண்டும் என்பது, உள்ளே எத்தனை அந்நியர்கள் என்பதைப் பொறுத்தது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியைக் கண்டவர்கள் பெல் லாபரட்டரீஸ்காரர்கள். 1969-ல் பெல் லாபரட்டரீஸ் மல்டிக்ஸ் கூட்டணியிலிருந்து விலகிக்கொண்டது. அதில் வேலை பார்த்த கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் ஒரு சின்ன மெஷினில் தங்கள் மனத்துக்குப் பிடித்தபடி ஓர் ஏற்பாட்டை எழுதத் தொடங்கினார்கள். மல்டிக்ஸைக் கேலி செய்வது போல அதற்கு யூனிக்ஸ் என்று பெயர் வந்தது. மரத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள். நீண்ட ஜாபிதாவை மட்டும் வெட்டி எறிந்தார்கள். ஆரம்பத்தில் சொந்தக்காரர், மற்றவர் என்று இரண்டே ஜாதி. சில வருஷங்களில் குழு என்ற மூன்றாவதும் சேர்ந்தது. ஒவ்வொருவருக்கும் படிக்க, எழுத, இயக்க என்று மூன்று அடையாளங்கள். மும்மூன்று ஒன்பது. ஒன்பதே புள்ளியில் உலகத்து உறவுகளையெல்லாம் அடக்கிவிட்டார்கள்!

போல்டர் விஷயத்தில் அவர்கள் செய்த ஒரு நுட்பம் ரசிக்கத்தக்கது. போல்டருக்கு "இயக்க" என்ற அனுமதியை "கடந்து போக" என்று அர்த்தப்படுத்தினார்கள். படிக்க அனுமதியில்லாமல் கடக்க மட்டும் அனுமதி தரலாம். ரேழி வழியாகக் கொல்லைப் பக்கத்து அறைக்குப் போகலாம். ஆனால் நடுவில் என்னென்ன சாமான் இருக்கிறது என்று சுற்றிப் பார்க்கக் கூடாது என்பது போல.

ஒன்பது புள்ளியில் சொல்ல முடியாதவை எத்தனையோ உண்டு. "என் குழுவில் இருக்கும் ராமசாமிக்கு மட்டும் வேண்டாம்" என்று சொல்வது கஷ்டம். ஆயினும் யூனிக்ஸின் பிள்ளை பேரப்பிள்ளைகள் உலகமெங்கும் பரவி ஆட்சி செய்கின்றன. அத்தனை நுணுக்கமாகப் பூட்டுப் பூட்டிய மல்டிக்ஸின் கடைசி மெஷின், கனடாவில் ஹாலிபாக்ஸ் நகரில், 2000-ம் வருஷம் அக்டோபர் 30-ந் தேதி நிறுத்தப்பட்டது. பூட்டின் பெருமை அதன் நுணுக்கத்தில் மட்டும் இல்லை; பூட்டுகிறவனுக்குப் புரிவதிலும் இருக்கிறது. 1975-ல் ஸால்ட்ஸர், ஷ்ரோடர் என்ற எம்.ஐ.டி. அறிஞர்கள் பாதுகாப்புக்கு எட்டு விதிகள் வகுத்தார்கள். அவற்றில் ஒன்று இதைத்தான் சொல்கிறது: மனிதன் மனத்தில் இருக்கும் சித்திரமும் இயந்திரத்தின் ஏற்பாடும் ஒத்துப்போனால் தவறுகள் குறையும். இன்னொரு விதி: சொல்லாமல் விட்டால் "கூடாது" என்றே பொருள் கொள்ள வேண்டும்.

*

இனி குறிப்புச் செயலிகளின் முன்னோர்களைப் பார்ப்போம். இல்லினாய் சர்வகலாசாலையில் பிளேட்டோ என்று ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாடு இருந்தது. அதில் குறைகளைத் தெரிவிக்க ஒரு பொதுப் பைல் வைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆகவே, யார் வேண்டுமானாலும் அடுத்தவர் எழுதியதை அழிக்கலாம். அதற்குப் பரிகாரமாக 1973-ல் டேவிட் வூலி என்ற 17 வயதுப் பையன் "நோட்ஸ்" என்ற புரோகிராமை எழுதினான். எழுதியவர் பெயரையும் தேதியையும் கம்ப்யூட்டரே குறித்துக்கொள்ளும். பிறர் எழுதியதில் கை வைக்க முடியாது.

அந்தப் பிளேட்டோவில் பழகிய ரே ஓஸி என்பவர் பிற்பாடு கண்ட கனவுதான் 1989-ல் வெளிவந்த லோட்டஸ் நோட்ஸ். கம்பெனி ஆபீஸ்களுக்கு ஏற்றதல்லவா? அதிகாரப் படிகளும் ஆபீஸ் மாதிரியே அமைந்தன. மானேஜர், அமைப்பாளர், திருத்துகிறவர், எழுதுகிறவர், படிக்கிறவர், போடுகிறவர், அனுமதியற்றவர் என்று ஏழு படி. ஆறாவது படியைப் பாருங்கள். "போடுகிறவர்" உள்ளே போடலாம். போட்டதைத் திரும்பப் பார்க்க முடியாது. கோயில் உண்டியல்தான்! உண்டியலுக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. பார்த்த மாத்திரத்தில் புரியும். நல்ல அனுமதி என்பது அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆபீஸில் ஏழு படி சரி. தனி மனிதர்களின் குறிப்புகள் என்று வரும்போதுதான் சிக்கல். 2008-ல் பொதுமக்களிடம் வந்த எவர்நோட் என்ற செயலி நெடுங்காலம் சிக்கனத்தைக் கடைப்பிடித்தது. குறிப்புகளை நோட்டுப் புத்தகத்தில் வைக்கலாம். புத்தகங்களை ஓர் அடுக்காகக் கட்டலாம். அடுக்குக்குள் அடுக்குக் கிடையாது. குறிப்பைப் பகிரலாம், புத்தகத்தைப் பகிரலாம். அடுக்கைப் பகிர முடியாது. "இன்னும் ஆழமாகப் போக வழி செய்யுங்கள்" என்று உபயோகிப்பவர்கள் கெஞ்சினார்கள். ஆழம் கூடக் கூட, "இது யார் கண்ணில் படும்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வது கடினம் என்பதை அவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

பின்னால் வந்த நோஷன் போன்ற செயலிகள் பக்கத்துக்குள் பக்கம் என்று முடிவில்லாமல் போக அனுமதித்தன. அவற்றில் உள்ளே இருக்கும் பக்கம், நாம் வேறு விதமாகச் சொல்லாத வரையில், வெளிப் பக்கத்தின் அனுமதியையே சுவீகரித்துக்கொள்ளும். மல்டிக்ஸ்காரர்கள் கைவிட்ட பொது ஜாபிதா வேறு உருவில் திரும்பி வந்துவிட்டது என்று சொல்லலாம். திரும்பி வந்ததற்குக் காரணமும் உண்டு. நூறு பக்கத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து பூட்ட யாருக்குப் பொறுமை இருக்கிறது?

ஆனால் சுவீகாரத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது. பொருளை இடம் மாற்றினால் பார்ப்பவர்களும் மாறிவிடுகிறார்கள். 1993-ல் வெளியான விண்டோஸ் என்.டி.யில் இதற்கு ஒரு விசித்திரமான விதி இருந்தது. பைலை நகல் எடுத்தால், நகல் புது வீட்டுச் சட்டத்துக்கு உட்படும். ஒரே டிஸ்குக்குள் நகர்த்தினால் பழைய வீட்டுச் சட்டத்தையே கூட எடுத்துக்கொண்டு போகும். தர்க்கப்படி சரிதான். ஆனால் அதைப் பரீட்சைக்குப் படித்தவர்களைத் தவிர வேறு யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்?

கூகிள் டிரைவின் கதை இன்னும் ருசிகரமானது. அதில் ஒரே பைலை ஒரே சமயத்தில் பல போல்டர்களில் வைக்க முடிந்தது. காகிதத்தால் முடியாத காரியம் அல்லவா? கணக்குக் காகிதம் "வீட்டி"லும் இருக்கும், "ஆபீஸி"லும் இருக்கும். தேடுவதற்கு மகா சௌகரியம். ஆனால் இரண்டு வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு வீட்டு உறவினரும் உரிமை கொண்டாடுவார்கள். எந்தப் பெட்டி வழியாக யாருக்கு அனுமதி வந்தது என்று அவிழ்ப்பது சிக்கெடுப்பது போலாயிற்று. கடைசியில் 2020 செப்டம்பர் 30-க்குப் பிறகு ஒரு பைலுக்கு ஒரே இடம்தான் என்று கூகிள் விதி செய்துவிட்டது. மற்ற இடங்களில், "அசல் அங்கே இருக்கிறது" என்று காட்டும் குறுக்குவழிச் சீட்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அத்தனை பெரிய கம்பெனியும் சுற்றிச் சுற்றி சிகாகோ கண்காட்சியின் அட்டை உறைக்கே வந்து சேர்ந்தது.

*

இதிலிருந்து என்ன தெரிகிறது? மனிதன் பொருள்களை மரம் போல அடுக்கி வைக்கிறான். ஆனால் நம்பிக்கை மரம் போல வளர்வதில்லை. தம்பியிடம் பணக் கணக்கைச் சொல்வோம், உடம்பு நோவைச் சொல்லமாட்டோம். சிநேகிதியிடம் நோவைச் சொல்வோம், கணக்கைச் சொல்லமாட்டோம். இரண்டையும் அந்நியனான வைத்தியரிடமோ வக்கீலிடமோ சொல்லிவிடுவோம். இந்தக் கோடுகள் பெட்டிக்குள் பெட்டியாக அடங்குவதில்லை. குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. பெட்டிக்குப் பூட்டுப் போட்டால், அந்தக் கோடுகள் எங்கேயோ ஓரிடத்தில் வெட்டுப்படும். காகிதம் ஒவ்வொன்றுக்கும் பூட்டுப் போட்டாலோ, சாவிக்கொத்தின் பாரம் தாங்காமல் நாளடைவில் எல்லாவற்றையும் திறந்தே போட்டுவிடுவோம்.

இரண்டில் எது சரி என்று அறுபது வருஷமாகத் தீர்ப்புக் கிடைக்கவில்லை. கிடைக்கும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் செயலி செய்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்ளலாம். பூட்டை எங்கே வேண்டுமானாலும் போடுங்கள். அது எங்கே இருக்கிறது என்பதை மறைக்காதீர்கள். ஒரு காகிதத்தை ஒரு பெட்டியிலிருந்து எடுத்து இன்னொரு பெட்டியில் வைக்கப் போகும் அந்தக் கணத்தில், "இனிமேல் இதை இன்னின்னார் பார்ப்பார்கள்" என்று பெயரைச் சொல்லிவிடுங்கள். எண்ணிக்கை போதாது, பெயர் வேண்டும். "மூன்று பேர்" என்றால் நாம் யோசிக்கமாட்டோம். "தம்பி" என்று ஒரு வார்த்தை கண்ணில் பட்டால், அந்தக் குடும்பத் தலைவியின் கை தானாகவே நின்றுவிடும்.

பூட்டு எந்தக் காலத்திலும் இவ்வளவுதான் செய்திருக்கிறது. திருடனை அது நிறுத்தியது சில சமயந்தான். நம்மை ஒரு கணம் நிறுத்தி, யாரை எவ்வளவு நம்புகிறோம் என்று கேட்க வைத்தது பல சமயம்.